கோட்டுக்கு மேல் நான்கு விரல்

மார்ச் 4

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அக்கா சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆகவில்லை. போனை அணைத்து அலமாரிக்குள் போட்டுவிட்டேன். யார் யாரோ கூப்பிட்டு, "பதினோரு பேர முழுகடிச்சுட்டு உங்களுக்கெல்லாம் எப்படி சோறு இறங்குது?" என்று கேட்கிறார்கள். அதனால்தான் காகிதம்.

படகு முழுகி நாற்பத்து நான்கு நாள் ஆகிறது. செய்தியில் நீ பார்த்திருப்பாய். பார்த்தும் வரவில்லை. ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, "மாமாவுக்கு நீச்சல் தெரியுமே, தப்பிச்சிருப்பாரே" என்றாய். தப்பித்தார். படகை ஓட்டியவர் தப்பித்ததுதான் குற்றம் என்கிறது ஊர். இப்போது சிறையில் இருக்கிறார். அளவுக்கு மேல் ஆள் ஏற்றினார் என்று வழக்கு.

நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஆற்றின் பாதியில் ஒரு சரக்குப் படகு பக்கத்தில் போயிருக்கிறது. அது கிளப்பிய அலை பெரியதுகூட இல்லையாம். ஆனால் தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. ஜனங்கள் பயந்து எழுந்து மறுபக்கம் ஓட, உள்ளே வந்த தண்ணீரும் அவர்களோடு சேர்ந்து அதே பக்கம் ஓட, நம் படகு குண்டம்மா கவிழ்ந்துவிட்டாள். கவிழ்ந்த படகு மிதக்கவாவது வேண்டும், பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கலாம். கல்லைப் போட்டதுபோல் நேரே அடிக்குப் போய்விட்டாள்.

நாற்பது பேருக்கு அனுமதி. அன்று முப்பத்தெட்டுப் பேர். உன் மாமாவின் பழக்கம் உனக்குத் தெரியும். கிளம்பும் முன் இரண்டு பக்கமும் குனிந்து, படகின் வெளிப்புறம் போட்டிருக்கும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்ப்பார். சிவப்பு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் கிளம்புவார். தெரியாவிட்டால் தெரிகிற வரை ஒவ்வொருவராக இறக்குவார். ஒருமுறை கட்டிய மனைவி என்னையே இறக்கிவிட்டுப் போனார். துறையில் அத்தனை பேர் முன்னால்! இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அப்படிப்பட்ட மனுஷர் அன்றும் பார்த்திருக்கிறார். "செவப்பு நல்லா தெரிஞ்சுது" என்கிறார். யாரும் நம்பவில்லை.

இறந்தவர்களில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் ஒருத்தி. அவள் கணவர் தினமும் காலையில் எங்கள் வாசலுக்கு எதிரே வந்து நிற்கிறார். திட்டுவதில்லை, கல்லெறிவதில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறார். உன் மருமகள் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துப் பள்ளிக்கூடம் போகிறாள்.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. மூன்று வருஷம் அந்தக் கோட்டைப் போட்டவன் நீ. 'கோடு சரியான இடத்தில்தான் இருந்தது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், நீ வரக்கூட வேண்டாம்.

அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பட்டறையில் வேலை அதிகம், அதனால் பதில் தாமதமாகிவிட்டது. இங்கே நாளெல்லாம் உப்புத்தாள் தேய்க்கும் வேலைதான். மூக்குக்குள் எப்போதும் பெயின்ட் தூசி. இருமல் இருக்கிறது, பயப்படும்படி ஒன்றும் இல்லை. குட்டி எப்படி இருக்கிறாள்? ஏறிக் குதிக்கும்போது காலை உடைத்துக்கொள்ளப் போகிறாள், பார்த்துக்கொள்.

நான் ஒரு பெயின்டர். என் கையெழுத்துக்குக் கோர்ட்டில் என்ன மதிப்பு இருக்கப்போகிறது? படகு முதலாளி எழுதித் தரட்டும், துறைமுக அதிகாரி எழுதித் தரட்டும்.

மேலே இரண்டு வரி அடித்திருக்கிறேன். அதைப் படிக்க முயற்சி செய்யாதே.

வக்கீலிடம் ஒரு விஷயம் சொல்லிப் பார். படகை எடை போடச் சொல். காலிப் படகை. ஏன் என்று கேட்பாய். குளியலறையில் காலி வாளியைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார், கையை எதிர்த்து மேலே வரும். வாளி எவ்வளவு தண்ணீரை விலக்கித் தள்ளுகிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடை வாளியை மேலே தள்ளுகிறது. வாளியின் எடை அதைவிடக் குறைவாக இருக்கிற வரை பிரச்சினை இல்லை. எடை கூடக் கூட வாளி இறங்கும், இறங்கி இன்னும் கொஞ்சம் தண்ணீரை விலக்கி, எங்கே இரண்டும் சமமாகிறதோ அங்கே நிற்கும். படகும் அப்படித்தான். விளிம்பு வரை இறங்கிவிட்டால் அப்புறம் விலக்க இடமில்லை. அதனால் ஆளை மட்டும் எண்ணினால் போதாது. படகு என்ன எடை இருந்தது என்று தெரிய வேண்டும்.

படகை மேலே எடுத்துவிட்டார்களா? எங்கே வைத்திருக்கிறார்கள்? வெயில் படுகிற இடமா? தளப்பலகைக்கு அடியில் திணித்திருந்த ஃபோமை யாராவது பிரித்துப் பார்த்தார்களா?

மாமாவைக் கேட்டதாகச் சொல். வேண்டாம், சொல்லாதே.

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

நீ அடித்த வரிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடிக்கிறவன் ஒழுங்காக அடிக்க வேண்டும். 'கோட்டை நான்' என்பது வரை தெரிகிறது. அதற்குப் பிறகு பேனாவால் குத்திக் கிழித்திருக்கிறாய்.

நான் கேட்டது ஒரு வரி. நீ அனுப்பியது வாளிப் பாடம். இந்தப் பாடம் எனக்குப் புதிது இல்லை. போன மாதமே கோர்ட்டில் ஒரு இன்ஜினியர் பலகையில் படம் போட்டு நடத்திவிட்டார். "மிதக்குற படகோட மொத்த எடையும் அது விலக்குற தண்ணியோட எடையும் ஒண்ணு. படகு எவ்வளவு இறங்குச்சுன்னு தெரிஞ்சா மொத்த எடை தெரிஞ்சிடும்" என்றார். துறையில் யாரோ எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது, கிளம்பும்போது எடுத்தது. அதில் தண்ணீர் விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து, மொத்த எடையைக் கணக்குப் போட்டு, அதிலிருந்து படகின் எடையைக் கழித்தார். படகின் எடை நான்கு டன் என்று பதிவேட்டில் இருக்கிறது. மிச்சம் இருப்பது ஆட்கள்தானே? ஆளுக்கு அறுபது கிலோ. அறுபத்து நான்கு பேர் என்று வந்தது. 'முப்பத்தெட்டுப் பேரைத்தான் கணக்கு காட்டினீர்கள், மீதிப் பேர் நீந்திக் கரையேறி வீட்டுக்குப் போயிருப்பார்கள்' என்கிறார்கள்.

அந்தப் பதிவேடு பத்து வருஷத்துக்கு முன்னால் படகு கட்டியபோது எழுதியது. 'எடை போடச் சொல்' என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குண்டம்மா கனத்துப் போயிருந்தாள் என்று உனக்கு எப்படித் தெரியும்?

செவ்வாய்க்கிழமை சிறைக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "நான் அன்னைக்குக் கோட்டப் பாத்தேனா?" என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்கிறார்! "தினமும் பாக்குறதால அன்னைக்கும் பாத்த மாதிரி தோணுதோ என்னவோ. அந்த இன்ஜினியர் படிச்சவரு, அவரு கணக்கு எப்படித் தப்பாகும்?" என்றார். அடுத்த முறை நீதிபதி கேட்டால் தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறாராம். செய்யாத தப்பை ஒத்துக்கொண்டால் பத்து வருஷம் என்கிறார் வக்கீல்.

விசாரணை ஏப்ரல் 21. படகை எடுத்து, பழைய பட்டறைக்குப் பின்னால் கரையில் போட்டிருக்கிறார்கள். பாதி நிழல், பாதி வெயில். முதலாளி அதை உடைத்து விற்க அனுமதி கேட்டிருக்கிறார். ஏப்ரல் முடிவில் கிடைத்துவிடுமாம்.

பூசி மெழுகுவது உன் தொழில், அதைப் படகோடு வைத்துக்கொள். என்னிடம் வேண்டாம். கோட்டை நீ என்ன செய்தாய்?

அக்கா

மார்ச் 31

அக்கா,

கோட்டை நான் மேலே ஏற்றினேன்.

எழுதிவிட்டேன். இதை அடிக்க மாட்டேன்.

முதல் வருஷம் பெயின்ட் அடிக்க வந்தபோது பாசி படிந்த தடம் கோட்டுக்குக் கீழேயே இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டாம் வருஷம் பாசி கோட்டைத் தொட்டிருந்தது. படகைத் தூக்கிய கிரேன்காரர், "என்னப்பா, போன தடவையைவிட இழுக்குது?" என்றார். பழைய இடத்திலேயே கோட்டைப் போட்டேன். அந்த வருஷம் முப்பது பேர் ஏறினாலே சிவப்பு மறைந்துவிடும். மாமா ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தார், முதலாளி கத்திக்கொண்டே இருந்தார். உன்னை இறக்கிவிட்டதும் அந்த வருஷம்தான்.

மூன்றாம் வருஷம், அதாவது போன மே மாதம், பாசி கோட்டையும் தாண்டி மேலே போயிருந்தது. முதலாளியிடம் சொன்னேன். பம்பைப் போடு என்றார். போட்டேன். ஒரு சொட்டு வரவில்லை. "அடியில தண்ணியே இல்ல, அப்புறம் எங்கேருந்து கனம் வரும்? நீ பெயின்ட் அடிக்க வந்தவன், பெயின்ட் அடி" என்றார். பிரஷை எடுத்துக்கொண்டு படகுக்குத் திரும்பி வந்தேன்.

வெள்ளைப் படகுக்கு அந்த முறை நீலம் அடித்தோம், விளிம்பு முழுக்கப் புது ரப்பர் போட்டோம். பார்வையே மாறிவிட்டது. கோட்டை நான்கு விரல் மேலே தள்ளிப் போட்டேன். மாமாவுக்குத் தெரியாது. மேலிருந்து குனிந்து பார்க்கிறவருக்குச் சிவப்பு தெரிகிறதா என்பதுதான் தெரியும், எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பது தெரியாது. தண்ணீரில் இறக்கிய அன்று அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டார், ஞாபகம் இருக்கிறதா? "பாசியச் சொரண்டினதும் குண்டம்மா எளைச்சுட்டா" என்று துறை முழுக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த மாதமே இங்கே வந்துவிட்டேன். நல்ல வேலை கிடைத்தது என்று சொன்னேன் இல்லையா? அந்தக் கோட்டைத் தினமும் கரையில் நின்று பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இனிமேல் எழுதப் போவதுதான் மோசமானது.

ஆகஸ்டில் இங்கே ஒரு பழைய படகை உடைத்தோம். தளப்பலகைக்கு அடியில் ஃபோம் வைப்பது எதற்கென்று உனக்குத் தெரியும். படகு கவிழ்ந்தாலும் முழுகாமல் தாங்கிப் பிடிக்கத்தான். காற்றுக் குமிழ்களை அடைத்து வைத்த மாதிரி ஒரு பொருள், எடையே இருக்காது. பலகையைப் பெயர்த்து அதை எடுக்கப் போனால், தலையணை அளவுத் துண்டை இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. மேலே பலகை இடுக்கில் வருஷக்கணக்காகக் கசிந்த தண்ணீரை அது குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. குடித்ததைத் திருப்பித் தருவதில்லை. அதனால் பம்ப் போட்டாலும் வராது. தண்ணீர் இருந்த இடம் படகின் அடி இல்லை, ஃபோமுக்குள். தூக்கிப் பிடிக்க வைத்த பொருளே காலைப் பிடித்து இழுக்கிறது.

அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. குண்டம்மா ஏன் இறங்கினாள் என்று அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே தெரிந்துவிட்டது. மாமாவுக்கு எழுத வேண்டும் என்று காகிதம் எடுத்தேன். எழுதினால் கோட்டை ஏற்றியதையும் எழுத வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். அப்படியே ஜனவரி வந்துவிட்டது.

வாக்குமூலம் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன் என்று அதில் எழுதியிருக்கிறேன். வெறும் காகிதத்தை நம்ப மாட்டார்கள். படகு காய்ந்து போவதற்குள் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உள்ள பலகையைப் பெயர்த்து ஒரு துண்டு வெட்டி எடு. அந்த இடத்தில்தான் எப்போதும் ஈரம் அதிகம்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

தம்பி

ஏப்ரல் 12

தம்பிக்கு,

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். சமையலறைச் சுவரில் இருக்கும் காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்து மாதம் உன் கையில் பேனா இருந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு முறை அந்தப் படகு ஆற்றைக் கடந்திருக்கிறது. அதில் உன் மருமகளும் போயிருக்கிறாள். உன் கடிதத்தைப் படித்த அன்று நீ எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அதை அன்றே எழுதி அனுப்பியிருக்க வேண்டும். இப்போது எழுத எனக்கு அருகதை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பையில் ஒரு சுத்தியலும் பெரிய கத்தியும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் வழக்கம்போல் பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். நான் நடக்க, அவரும் பின்னாலேயே நடந்தார். பையில் கத்தி இருக்கிறது, பின்னால் மனைவியைப் பறிகொடுத்த மனுஷர் வருகிறார். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பட்டறை வரை போனேன்.

குண்டம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். இருக்கைக்கு அடியில் பலகையை என்னால் பெயர்க்க முடியவில்லை. சுத்தியல் வழுக்கிக் கட்டைவிரலில் பட்டதுதான் மிச்சம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே ஏறி, என் கையிலிருந்து சுத்தியலை வாங்கி, இரண்டே அடியில் பெயர்த்தார். கத்தியையும் அவரே வாங்கி வெட்டினார். செங்கல் அளவு துண்டு. அதை இரண்டு கையாலும் அழுத்தினார். தண்ணீர் அவர் முழங்கை வழியாக ஒழுகிக் காலில் கொட்டியது. இத்தனை வாரம் கரையில் கிடந்த படகு, தம்பி. இன்னும் ஆற்றுத் தண்ணீர் கொட்டுகிறது.

"இது என்னம்மா?" என்றார். ஜனவரிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நீ எழுதியதை அப்படியே சொன்னேன். கடைசியில் அவர், "அப்ப உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்ல" என்றார். "நான் தப்பா நின்னுட்டேம்மா உங்க வாசல்ல" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. வெளியே இறங்கி வந்து, நீ சொன்ன கோட்டைப் பார்த்தேன். இத்தனை நாள் தண்ணீரில் கிடந்ததில் நீலம் பட்டை பட்டையாக உரிந்திருக்கிறது. அடியில் பழைய சிவப்பு அங்கங்கே தெரிகிறது. கீழே பழைய கோடு, மேலே நீ போட்ட கோடு. வக்கீல் கேட்டால் எவ்வளவு இடைவெளி என்று சொல்ல வேண்டுமே என்று கையை வைத்து அளந்தேன். சுண்டுவிரலைப் பழைய கோட்டின் மேல் வைத்தேன். ஆள்காட்டி விரல் போய்ப் புதுக் கோட்டின் அடியில் உட்கார்ந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கையை எடுக்க முடியவில்லை.

போன மே மாதம் இதே பட்டறைக்கு உனக்கும் மாமாவுக்கும் சாப்பாடு கொண்டுவந்த நாள் நினைவுக்கு வந்தது. அவர் என்ஜின் அறைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். நீ பாசியைக் காட்டி, "அக்கா, கோடு தண்ணிக்குள்ள போயிடுச்சு, என்ன செய்யறதுன்னே தெரியல" என்றாய். முகம் வாடி நின்றாய். உன்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேனா, துறையில் என்னை இறக்கிவிட்ட கோபம் இன்னும் இருந்ததா, தெரியவில்லை. "அவளுக்கும் வயசாகுதுல்லடா. உடம்பு போட்டா இடுப்பு நாடாவத் தளர்த்திக் கட்டுறதில்லையா? கொஞ்சம் தளர்த்தி விடு பாவம்" என்றேன். பழைய கோட்டின் மேல் கையை வைத்து, "இம்புட்டு போதும்" என்றேன். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே என் கையை ஒட்டியே பிரஷை இழுத்தாய். என் விரல் பாதி சிவப்பாகிவிட்டது. "எருமை" என்று உன் தலையில் தட்டினேன்.

இது எனக்கு அடியோடு மறந்து போயிருந்தது. சத்தியமாக மறந்து போயிருந்தது. நீ மறக்கவில்லை. மறக்காமல், 'யாரும் சொல்லவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய்.

அந்த மனுஷர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏன் கோட்டில் கையை வைத்தபடி நிற்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. ஈரத் துண்டை எனக்காக அவரே பஸ் நிறுத்தம் வரை தூக்கி வந்தார். மறுநாள் காலையில் வாசலுக்கு வரவில்லை. வந்து நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா

ஏப்ரல் 17

அக்கா,

அவசரத் தபாலில் அனுப்புகிறேன். 21-க்கு முன்னால் கிடைக்க வேண்டும்.

வாயைத் திறக்காதே. பிரஷ் என் கையில் இருந்தது. நீ வேடிக்கையாகச் சொன்னாய். வேடிக்கைக்கும் வேலைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டியவன் நான். எனக்கு அன்றைக்கு யாராவது 'பரவாயில்லை' என்று சொன்னால் போதும் என்று இருந்தது. நீ சொன்னாய், பிடித்துக்கொண்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் பிடித்துக்கொண்டிருப்பேன். ஆகஸ்டில் தெரிந்தும் எழுதாதவன் நானா, நீயா?

நான்கு விரல் என்றுதான் வாக்குமூலத்தில் இருக்கிறது. யார் விரல் என்று யாரும் கேட்கப் போவதில்லை. மாமா வெளியே வர வேண்டும். குட்டிக்கு ஒருத்தராவது வீட்டில் இருக்க வேண்டும். உன் பேர் வந்தால் மாமா அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார்?

இந்தக் கடிதத்தையும் முன்பு நான் எழுதியவற்றையும் எரித்துவிடு. நீ எழுதியதை நான் எரித்துவிட்டேன்.

தம்பி

மே 9

தம்பிக்கு,

எரிக்கவில்லை. ஏன் தெரியுமா? எரித்தாலும் கை இருக்கிறதே.

ஏப்ரல் 21 அன்று, காயாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்த அந்தத் துண்டை நீதிபதியின் மேஜைமேல் வைத்தேன். கீழே இருந்த காகிதமெல்லாம் நனைந்து, கோர்ட் ஊழியரிடம் திட்டு வாங்கினேன். நீதிபதி அதை அழுத்திப் பார்த்துவிட்டு, படகை எடை போட உத்தரவு போட்டார். நான் அன்று வேறு எதுவும் பேசவில்லை. நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் பேச்சைக் கேட்டேன் என்று நினைக்காதே. பயம்தான்.

மே 2-ஆம் தேதி கிரேனில் தூக்கினார்கள். பதிவேட்டில் நான்கு டன். காய்ந்தது போக இப்போது ஐந்து டன் அறுநூறு. இன்ஜினியரே பலகையில் மறுபடி கணக்குப் போட்டார். மேலே இருந்தது முப்பத்தெட்டுப் பேர்தான். யார் கண்ணுக்கும் தெரியாமல் இருபத்தாறு பேரின் எடை பலகைக்கு அடியில் உட்கார்ந்திருந்திருக்கிறது. நேர்மையான மனுஷர், உன் மாமாவைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

நேற்று முன்தினம் கடைசி விசாரணை. அங்கேதான் சிக்கல் வந்தது. முதலாளியின் வக்கீல் எழுந்து, படகு கனமாக இருந்தது சரி, அப்படியானால் கோடு தண்ணீருக்குள் போயிருக்குமே, அதைப் பார்த்தும் ஏன் ஓட்டினார் என்று கேட்டார். நம் வக்கீல் உன் வாக்குமூலத்தைப் படித்தார். அந்த ஆள் சிரித்தார். கோர்ட் ஊழியரைக் கூப்பிட்டு நான்கு விரலை நீட்டச் சொல்லி அளந்தார். எட்டரை சென்டிமீட்டர். "படகில் இருக்கும் இடைவெளி ஏழுதான். கோடு எப்போது யாரால் மாறியது என்றே தெரியாது. மாமாவைக் காப்பாற்ற மச்சான் தூரத்தில் உட்கார்ந்து கதை கட்டுகிறார்" என்றார். நீதிபதி உன் காகிதத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

உன் மாமா கூண்டில் நின்று, "விடுங்கய்யா, நான் கோட்டப் பாக்காமலே ஓட்டியிருப்பேன், ஒத்துக்கிறேன்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்தது நானா என் காலா தெரியாது. "அது அவன் வெரல் இல்லைங்க, என் வெரல்" என்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. இடுப்பு நாடா வரை எல்லாவற்றையும் சொன்னேன். யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். என்னை முன்னால் கூப்பிட்டுக் கையை மேஜைமேல் வைக்கச் சொல்லி அளந்தார்கள். ஏழு.

பின்வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். என் கையைப் பார்த்தார். படகில் நான் ஏன் அப்படி நின்றேன் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து வெளியே போய்விட்டார். இன்று காலை மறுபடி வாசலுக்கு எதிரே வந்து நின்றார். நான் கதவைத் திறந்து வெளியே போய் அவர் போகிற வரை நானும் நின்றேன்.

உன் மாமாமேல் போட்ட வழக்கு விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடுகிறார்கள். உன்மேலும் என்மேலும் முதலாளிமேலும் புது வழக்கு. ஜூன் 2, காலை பத்து மணிக்கு ஆஜராக வேண்டும். நீ வருவாய் என்று சொல்லிவிட்டேன். வராமல் இருந்துவிடாதே. குட்டியை அவர் பார்த்துக்கொள்வார்.

அவரை அழைத்துப் போகும்போது ஒரு நிமிஷம் என் பக்கத்தில் நிற்க விட்டார்கள். திட்டுவார் என்று காத்திருந்தேன். என் கையைப் பிடித்து ஆள்காட்டி விரலை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு சாயந்திரம் மண்ணெண்ணெய் தொட்டு நான்தானே தொடச்சு விட்டேன்? பாதி வெரலு செவப்பா இருந்துச்சு. எங்க பட்டுச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே நான்" என்றார். அதைச் சொல்லிவிட்டு, போலீஸ்காரருக்கு முன்னால் தானாகவே நடந்து போனார்.

அக்கா